வசுக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை

தொண்ணூறுகளில் மதுரை முனிச்சாலைப் பக்கம் குடியிருந்தவர்களிடம் ‘வசுக்கா பூத்’ என்று கேட்டால் போதும், கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். மஞ்சள் போர்டு. அதில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. உள்ளே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் கண்ணாடிக் கூண்டு. கதவைச் சாத்தினால் மட்டும் சுற்றுகிற குட்டி ஃபேன். எதிரே பேசப் பேசக் காசு ஏறுவதைக் காட்டிச் சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். அதைப் பார்த்துக்கொண்டே பேசியதால் அந்தக் காலத்து ஆட்கள் சுருக்கமாகப் பேசினார்கள். இப்போது என் மகள் போனில் பல் விளக்கியதிலிருந்து ஆரம்பிக்கிறாள். ஏதாவது சொன்னால் சண்டைக்கு வருவாள். சரி, அது கிடக்கட்டும்.

வசுக்காவின் முழுப்பெயர் வசுந்தரா. பரமக்குடியில் பிறந்து மதுரைக்கு வாக்கப்பட்டு வந்தவர். சௌராஷ்டிரக் குடும்பம். கணவர் லட்சுமிநாராயணன் விளக்குத்தூண் பக்கம் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்துவந்தார். கீழே முன்னறையில் பூத், பின்னால் அவர்கள் வீடு, மாடி போர்ஷனில் நான். மாநகராட்சிப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்து வந்த புதிதில் வீடு தேடி அலையாத தெரு கிடையாது. போன இடமெல்லாம், “எந்த ஊரு? யாரு வீடு?” என்று சுற்றி வளைத்து ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர். அதை ஒளிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் படி இறங்கிக்கொண்டே இருந்தேன். வசுக்கா கேட்ட கேள்வி வேறு.

“தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். எத்தனை குடம் வச்சிருக்கீங்க டீச்சர்?”

ரெண்டு என்றேன். “அது எந்த மூலைக்கு?” என்று தன்னுடைய பச்சைக் குடம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அப்படித்தான் நான் அந்த வீட்டுக்குக் குடிபோனேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குப் பூத்தில்தான் பொழுது போகும். சூரத்துக்கு நூல் விலை கேட்கிறவர்கள், துபாயில் இருக்கும் மாப்பிள்ளையிடம் அழுகிறவர்கள், அடுத்த தெருப் பெண்ணுக்குப் போன் போட்டு, அவள் அப்பா எடுத்ததும் வைத்துவிட்டு ஓடுகிற பயல்கள், எல்லாரும் வருவார்கள். கூண்டுக்குள் யாராவது குரல் உடைந்து பேசினால் வசுக்கா ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். வெளியே வரும்போது மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். எனக்கு அம்புட்டுப் பொறுமை கிடையாது.

அந்த வீட்டில் ரெண்டு பாஷை. பூத்தில், கடையில், பால்காரரிடம் எல்லாம் தமிழ். நடைக்கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டால் சௌராஷ்டிரம். வசுக்கா எனக்குப் பாதிப் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருக்கும் பிள்ளைகளை அவர்கள் பாஷையில் ஒரு அதட்டுப் போட்டுவிட்டு, மீதியை மறுபடி தமிழில் சொல்லுவார். எத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது பிடிபடவில்லை. தெரிந்ததெல்லாம் சாப்பாட்டுப் பேர்கள்தான். அவர்கள் வீட்டுப் புளியோதரைக்கு அவர்கள் பாஷையில் ஒரு பேர் உண்டு. மாடிக்கு வாசனை வந்ததும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே தட்டோடு இறங்கிவிடுவேன். வசுக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

மூத்தவன் ஸ்ரீநாத். அவனுக்கு இளையவள் ரம்யாஸ்ரீ. ஸ்ரீநாத் சரியான வாயாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை எறிகிற சத்தமும் அம்மாவிடம் கதை அளக்கிற சத்தமும் சேர்ந்தேதான் கேட்கும். அம்மா பின்னாலேயே அடுப்படி, கொல்லை, பூத் என்று நடந்துகொண்டு அவர்கள் பாஷையில் ஓயாமல் பேசுவான். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டான். அதிலிருந்து பிடித்தது சனியன். டுட்டோரியலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காலைக்காட்சிக்குப் போனான். சிகரெட், சீட்டாட்டம், கிரிக்கெட்டுக்குப் பந்தயம். பூத் கல்லாவில் கை வைத்தான். கடைச் சேலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு போய் விற்றான். தட்டிக்கேட்ட அப்பாவை ஒரு நாள் மாடிப்படியில் பிடித்துத் தள்ளிவிட்டான். லட்சுமிநாராயணன் அண்ணனுக்கு வலது கை முறிந்துபோனது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். தள்ளிவிட்ட பயல் படியிலேயே உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதான். ரெண்டு நாள் கழித்து மறுபடியும் வீடு தங்கவில்லை.

அப்போதுதான் யாரோ ஒரு சேலை வியாபாரி அண்ணனிடம் அந்த இல்லத்தைப் பற்றிச் சொன்னார். திண்டுக்கல் ரோட்டில், பரவை தாண்டி, ஒரு தோப்புக்குள் இருந்தது. பேர் வேண்டாம். இப்போது அது கிடையாது, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. வழி தவறிய மாணவர்களுக்கு ஒழுக்கப் பயிற்சி என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பையன் ரெண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். முதல் மூன்று மாதம் பெற்றவர்கள் பார்க்கக்கூடாது. வாரத்துக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

பூத்தில் விஷயம் தெரிந்தால் தெருவுக்கே தெரிந்த மாதிரி. போன் பேச வந்தவர்கள், பேசாதவர்கள் எல்லாரும் அபிப்பிராயம் சொன்னார்கள்.

“புள்ளைய வீட்டுல வச்சு அடிங்க, உதைங்க. வேத்தாளு கையில குடுத்துட்டு வந்துறாதீக” என்று பூக்கார ஒச்சம்மாள் கத்தினாள்.

எதிர் டீக்கடை வீரணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “அனுப்புங்கண்ணே. எங்க அக்கா மகனும் இப்படித்தான் திரிஞ்சான். பாசம் பாசம்னு வீட்டுலயே வச்சிருந்தோம். இன்னைக்கு அவன் போட்டோவுக்கு மாலை போட்டு வச்சிருக்கோம்.”

ஒச்சம்மாள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். நான் டி. கல்லுப்பட்டியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். ஹாஸ்டல் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நாற்று நட்டுக்கொண்டிருப்பேன். அதனால் ஹாஸ்டல் என்றால் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அதையும் சொல்லிவிட்டு, “எதுன்னாலும் பையன்கிட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போங்கண்ணே” என்றேன்.

“சொன்னா ஓடிருவான் டீச்சர்” என்றார் அண்ணன். கையில் மாவுக்கட்டு. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

வசுக்கா பையனை அனுப்புவதற்கு முந்தின நாளே புளிக்காய்ச்சல் கிண்டி வைத்துவிட்டார். பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வருவதாகப் பையனிடம் சொல்லியிருந்தார்கள். பழனிக்கும் திண்டுக்கல் ரோடுதான். காலையில் வாசலில் வேன் வந்து நின்றது. ஸ்ரீநாத் தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்து, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். வெளியூர்ப் பயணம் என்றால் அந்த வீட்டில் புளியோதரை கட்டுவது வழக்கம். சந்தேகப்பட அதில் ஒன்றுமில்லை. அவன் வேனில் ஏறிக் கையை ஆட்டினான். வசுக்கா திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் அண்ணன் மட்டும் வந்தார். வாளியைத் திறந்தால் வழித்துத் தின்றிருந்தான். பரவை வருவதற்குள் பசிக்கிறது என்று வேனிலேயே சாப்பிட்டுவிட்டானாம். அந்த வாளியை வசுக்கா வெகுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். வசுக்கா அவர்கள் பாஷையில் ரெண்டு வார்த்தை பேசியிருப்பார், லைன் அறுந்துபோனது. மறுபடி மணி அடித்தது. இந்தத் தடவை வார்டன். தன்மையான குரலில்தான் பேசினார். “அம்மா, எங்களுக்குப் புரியற பாஷையிலதான் பேசணும். இங்க அதான் ரூல்.” அடுத்த வாரத்திலிருந்து ஸ்ரீநாத் தமிழில் பேசினான். “அம்மா, வணக்கம். நல்லா இருக்கேன். அப்பாவுக்குக் கை எப்படி இருக்கு? நல்லாப் படிக்கிறேன்.” பாடம் ஒப்பிக்கிற பையன்களின் குரல் எனக்குத் தெரியாதா? தினமும் கேட்கிறேனே.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களா டீச்சர், என்னா மரியாதை! நம்ம ஸ்ரீநாத்தா இதுன்னு இருக்கு” என்று என்னிடமும், கடைக்கு வருகிறவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வசுக்கா அன்றைக்குக் கூண்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “கஸ்டமர் மாதிரி பேசுறான் செல்வி.”

அந்த வீட்டில் தமிழ் யாருக்கு என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளை அம்மாவிடம் தமிழில் பேசினால், வாசலில் செருப்போடு நின்று பேசுகிற மாதிரிதான். அண்ணனுக்கும் அது தெரியாமலா இருக்கும்? ஆனால் மகன் மரியாதையாகப் பேசிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பாவம், எந்தப் பாஷையாக இருந்தாலும் போதும் என்று இருந்தார்.

மூன்று மாதம் கழித்துப் பார்க்க விட்டார்கள். அண்ணனுக்குக் கடையில் சித்திரைத் திருவிழா வியாபாரம். நானும் வசுக்காவும் பெரியார் பஸ் ஸ்டாண்டில் சோழவந்தான் பஸ் ஏறிப் பரவைக்குப் போய், அங்கிருந்து நடந்தோம். வசுக்கா கையில் அதே வாளி, அதே புளியோதரை. பிள்ளைக்குப் பிடிக்கும் என்று ஆசையாகச் செய்தது.

இல்லம் சுத்தமாகத்தான் இருந்தது. செடிக்குச் செடி பாத்தி, சுவரெல்லாம் நல்ல வாசகங்கள். ஸ்ரீநாத் வந்தான். மொட்டைத் தலை, கன்னம் ஒட்டிப்போய், உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய். எங்களைப் பார்த்துக் கைகூப்பினான். “வாங்கம்மா. வாங்க டீச்சர்.” வசுக்கா அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். சாப்பிட்டாயா என்றுதான் கேட்டிருப்பார். அவன் முதலில் வார்டன் முகத்தைப் பார்த்தான். அப்புறம், “சாப்பிட்டேன்மா” என்றான். வசுக்கா மறுபடி அவர்கள் பாஷையில் கேட்டார். மறுபடி தமிழில் பதில் வந்தது. வாளியைத் திறந்து நீட்டினார். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆனது. “வேணாம்மா. இங்கயே நல்ல சாப்பாடு” என்று மூடியை எடுத்துத் தானே மூடினான். அதுவும் அங்கே ஒரு ரூல் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வசுக்கா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவன் உட்காரவில்லை. வார்டன் பக்கம் திரும்பி, “உக்காரட்டுமா சார்?” என்றான்.

பூத்தில் அத்தனை வருஷத்தில் வசுக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“எம் புள்ள எம் பக்கத்துல உக்கார இவர்கிட்ட எதுக்குடா கேக்குற?”

வார்டன் பதறிப்போய் எழுந்தார். “அம்மா, ரெண்டு வருஷக் கோர்ஸ். பாதியில கூட்டிட்டுப் போனா பழைய குருடிதான். ஒரு தடவை அவுத்துவிட்டா மறுபடி பிடிக்க முடியாது. அப்பா வந்து கையெழுத்துப் போடாம அனுப்ப முடியாதும்மா” என்றார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். நம்பித்தான் பேசினார்.

“அவுத்துவிடுறதுக்கு அவன் என்ன மாடா சார்?” என்று நானும் சேர்ந்துகொண்டேன். எனக்குக் கோபம் வந்தால் எந்த இடம் என்று பார்க்க மாட்டேன். “நானும் ஹாஸ்டல்ல வளந்தவதான். எங்க ஹாஸ்டலுக்குத் தாப்பா உள்பக்கம் இருந்துச்சு. உங்க கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு தொங்குதே, அது எதுக்கு?”

அதற்குள் வசுக்கா மகன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டார். வாளியை நான் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஸ்ரீநாத், பாத்திமா காலேஜ் தாண்டும்போது அம்மாவைப் பார்த்து, “தேங்க்ஸ்மா” என்றான். எங்கள் பக்கம் அம்மாவுக்கு எவனாவது தேங்க்ஸ் சொல்லுவானா? வசுக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அண்ணன் ஒரு மாதம் வசுக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பையன் பழைய பையனாக இல்லை. சிகரெட் இல்லை, சீட்டு இல்லை. விட்ட கணக்கை எழுதி பாஸானான். பாலிடெக்னிக் முடித்துத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலைக்குப் போனான். “பாத்தியா, இல்லத்துல போட்ட விதை” என்றார் அண்ணன். “கெடையாது, தாயி போயி இழுத்துட்டு வந்ததாலதான் பொழச்சான்” என்றாள் ஒச்சம்மாள். ரெண்டு பேரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லுவார்கள். வீரணன் வீட்டு மாலை போட்ட போட்டோவையும் நான் பார்த்திருக்கிறேன், ‘உக்காரட்டுமா சார்’ என்று ஸ்ரீநாத் நின்றதையும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என் தீர்ப்பு. இன்றைக்கும் அதுதான்.

ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரியும். அவன் அம்மாவிடம் திரும்ப அவர்கள் பாஷையில் பேசவே இல்லை. தங்கச்சியிடம் பேசுவான். உள்ளே ரெண்டும் கெக்கலி கொட்டிச் சிரித்துப் பேசுவது மாடிக்குக் கேட்கும். வார்த்தை புரியாது, எந்தப் பாஷை என்று காதுக்குத் தெரியும். வசுக்கா உள்ளே நுழைந்ததும் தமிழாக மாறிவிடும். “சாப்பிடறீங்களாம்மா? உக்காருங்கம்மா.” ஒரு குறை சொல்ல முடியாது. மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்தான். தீபாவளிக்குச் சேலை எடுத்தான். வசுக்கா ரொம்ப நாள் அவர்கள் பாஷையிலேயே கேட்டு, தமிழிலேயே பதில் வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அவரும் தமிழுக்கு மாறிவிட்டார். புளியோதரையை அந்த வீட்டில் யாரும் கிண்டவில்லை. எனக்கு அது பெரிய நஷ்டம். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது.

செல்போன் வந்தது. எல்லார் சட்டைப் பையிலும் ஒன்று முளைத்ததும் பூத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. ரெண்டாயிரத்து ஐந்து வாக்கில் வசுக்கா பூத்தில் நாலு பேர் வந்தால் அதிசயம். மஞ்சள் போர்டு வெளுத்து வெள்ளையாகிவிட்டது. கூண்டுக்குள் அண்ணன் சேலைக்கட்டு அடுக்கினார். வசுக்காவுக்கு மட்டும் அந்தக் கூண்டை எடுக்க மனசு வரவில்லை. தன் மகனுக்குப் பேசுவதென்றாலும் கட்டுகளை நகர்த்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்.

அந்த வருஷம் இல்லத்தில் ஆண்டு விழா. திருந்தி நல்ல நிலைமைக்கு வந்த பழைய மாணவர்களைக் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம், மூன்று மாதம் இருந்தவனும் எங்கள் மாணவன்தான் என்று அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்கு ஒரே பெருமை. “நம்ம பையன் மேடையேறிப் பேசட்டுமே. ஊரு கேக்கட்டும். வசு, நீ கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான்” என்று ரெண்டு நாளாக நச்சரித்தார். பையன் எதைச் சொன்னாலும் சரிம்மா என்றுதான் சொல்லுவான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வசுக்கா தட்டவும் முடியாமல், கேட்கவும் மனசில்லாமல் கூண்டுக்குள் போனார்.

நான் வெளியே மேசையில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வசுக்கா நாலு வார்த்தை பேசினார். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். பக்கவாட்டுச் சுவரில் கையை ஊன்றினார். அப்புறம் அப்படியே சேலைக்கட்டின் மேல் உட்கார்ந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. பேனாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஃபேன் நின்றது.

ரிசீவரிலிருந்து ஸ்ரீநாத்தின் சத்தம் வெளியே கேட்டது. கத்திக்கொண்டிருந்தான். அந்தப் பையன் கத்திக் கேட்டு வருஷக்கணக்காக ஆகிவிட்டது. தமிழ் இல்லை. அவர்கள் பாஷை. மூச்சு விடாமல், திக்கித் திணறி, அழுதுகொண்டே கத்தினான். அத்தனையிலும் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. நான் தட்டோடு சொல்லிக்கொண்டே படி இறங்குவேனே, அந்தப் புளியோதரைப் பேர். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“என்னாச்சுக்கா?” என்றேன்.

வசுக்கா ரிசீவரை உள்ளங்கையால் பொத்தினார். மூக்கெல்லாம் சிவந்து கிடந்தது. ஆனால் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், துக்கம் இல்லை.

“அன்னைக்கு எதுக்குப் புளியோதரை கட்டிக் குடுத்தேன்னு கேக்குறான் செல்வி. அப்பா ஏமாத்துனாருன்னா சரி, நீயும் தெரிஞ்சுதானே கட்டுனன்னு கேக்குறான்.”

“நீங்க என்னா சொன்னீங்க?”

“ஆமாடா, தெரிஞ்சுதான் கட்டுனேன்னு சொன்னேன்.”

“ஐயோ அக்கா! போனை வச்சுறப் போறான்!”

“இல்ல, இல்ல” என்று அவசரமாகத் தலையை ஆட்டினார். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “நீ மொதல்ல கதவச் சாத்து. புள்ள இன்னும் திட்டி முடிக்கல.”

கதவைச் சாத்தினேன். உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. நான் போய் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு மேசையில் வைத்துவிட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.